சப்பாத்துக் கழற்றாத சாசனத்தார்

ரொறன்ரோவில் உள்ள தமிழ் வீடுகளுக்குள் சப்பாத்தைக் கழற்றாமல் போய் வேலை செய்த மனிதர் ஒருவர்தான். பிரதமர் வந்தாலும் எங்கள் ஆட்கள் வாசலில் வைத்துக் கழற்றச் சொல்லிவிடுவார்கள். தீயணைப்புக்காரர் ஓடி வந்தால், "தம்பி, நெருப்பு மேல்மாடியிலைதான், உந்தச் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறும்" என்பார்கள். சாசனத்தார் மட்டும் கழற்றவில்லை. அவருடைய சொந்தப் பெயர் டிரைவிங் லைசன்ஸில் இருந்தது. வேறெங்கும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அவர் குளியலறை, குசினித் தரைகளுக்கு ரைல்ஸ் ஓடு பதிப்பவர். நான் பதினொரு வருடம் அவருக்கு உதவியாள். சாந்து குழைத்தேன், ரைல் வெட்டினேன், பெட்டி பெட்டியாகப் படியேறிச் சுமந்தேன். பேச்சு முழுவதும் அவருடையது. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. கோபம் வந்தால் இன்னும் வராது. ஆகவே பதினொரு வருடக் கோபம் செலவழியாமல் எனக்குள் இருக்கிறது. அதைத்தான் இங்கே இறக்கி வைக்கிறேன். வேலைக்கு வந்தவனிடம் சப்பாத்தைக் கழற்றச் சொன்ன யாராவது இதை வாசித்தால், ஓம், உங்களைத்தான் சொல்கிறேன்.

பெயர் வந்த கதை இது. ஸ்காபரோவில் ஒரு பழைய வீட்டின் நிலவறையை, பேஸ்மென்ற்றை, உடைத்தபோது, குப்பையில் போடச் சொல்லி ஒரு பெட்டி புத்தகம் தந்தார்கள். அதில் அட்டை கிழிந்த ஒரு சரித்திரப் புத்தகம் கிடந்தது. மத்தியானம் சாந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் இருந்து புரட்டிக்கொண்டிருந்தவர், சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே துள்ளி எழும்பினார்.

"ஐசே, இஞ்ச ஓடி வாரும்! ராசா எழுதிக் குடுத்திருக்கிறான்!"

"ஆருக்கு?"

"எங்களுக்கு!"

கொங்கு நாட்டுப் பக்கம், சோழர் காலத்தில், தச்சர், கொல்லர், கல்வேலை செய்பவர் எல்லோருக்கும் ஒரு அரசன் சில உரிமைகளைக் கொடுத்துக் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறான். கலியாணம், சாவு போன்ற நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம். பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது காலுக்குச் செருப்புப் போடலாம். தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். அதே புத்தகத்தில் சில பக்கம் தள்ளி, ஐரோப்பாவில் கொத்தர் சங்கத்துக்கும் நெசவாளர் சங்கத்துக்கும் அரசர்கள் முத்திரை குத்திக் கொடுத்த பத்திரங்களைப் பற்றியும் இருந்தது.

எனக்கு வாசிக்க வாசிக்கக் கோபம் ஏறியது. ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவன் தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச ராசாவிடம் கையேந்தியிருக்கிறான். செருப்புப் போடக்கூட ஒரு உத்தரவு வேண்டியிருந்திருக்கிறது! ஆனால் சாசனத்தாருக்கு வந்தது கோபமில்லை, பெரிய சந்தோஷம்.

"உத்தரவு கிடைச்சிட்டுதெல்லோ?" என்றார். "அந்த ராசா குடுத்ததைப் பிறகு வந்த ராசா பறிச்சதா இதிலை ஒரு இடத்திலையும் இல்லை. அப்ப இண்டைக்கும் செல்லும்."

அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பிளாஸ்ரிக் உறை போட்டு, கருவிப் பெட்டியின் மூடிக்கு உட்பக்கத்தில் ஒட்டினார். அன்றிலிருந்து தமிழ்க் கடைகள் இருக்கும் பிளாசாவில் தேத்தண்ணி குடிக்க வரும் மற்ற ரைல்ஸ்காரர்கள் அவரைச் சாசனம் என்றார்கள். வயதுக்கு மரியாதை கொடுத்துச் சாசனத்தார் ஆக்கினேன், நான்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அவர் சேற்றுக் காலோடு வீட்டுக்குள் போகிறவர் அல்ல. இரண்டு சோடி இரும்பு மூக்குச் சப்பாத்து வைத்திருந்தார். ஒன்று வெளிச் சப்பாத்து. மற்றது உள் சப்பாத்து. அதற்குப் பூப்போட்ட துணிப்பை, தனித் துவாய், போத்தலில் டெற்றோல். வாசலில் குந்தியிருந்து, குழந்தைக்குக் கால் கழுவுவது போல அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுத்தான் போடுவார். அந்த வீடுகளில் பலரின் சாப்பாட்டுக் கோப்பையைவிட அந்தச் சப்பாத்து சுத்தம்.

ஆனால் எங்கள் அன்ரிமார் விடுவார்களா?

"தம்பி, சப்பாத்து..."

"இது உள் சப்பாத்து, அன்ரி. இது இன்னும் வெளிமண்ணைக் கண்டதில்லை."

"உள்ளோ வெளியோ, சாமி இருக்கிற வீடு."

"சாமி ஒண்டும் சொல்லாது. கோயில் சுவரிலைதான் இந்த உத்தரவையே வெட்டியிருக்கு."

"எந்த உத்தரவு? ஆர் போட்டது?"

"ராசா."

"எந்த ராசா? பிளாசாவிலை நகைக்கடை வைச்சிருக்கிறவரோ?"

பெட்டி மூடி திறக்கும். சாசனம் முழுவதும் சத்தமாக வாசிக்கப்படும். கேட்டு முடித்து, "சரி, சரி, உள்ளுக்கு வாங்கோ, பனி அடிக்குது" என்பவர்கள் பாதிப்பேர். கதவைச் சாத்துபவர்கள் மீதிப்பேர். சாத்திய கதவுக்கு முன்னால் நின்று, "எங்கட கால்விரலிலை ரைல் பெட்டி விழுந்தால் உந்த அன்ரியோ வந்து தூக்குவா?" என்று என்னைக் கேட்பார். நான் வானத்தைப் பார்ப்பேன். வேலை குறைந்த மாசி மாதத்தில் அந்த நாள் வேலை போய்விட்டதே என்று எனக்கு அவர்மேலும் எரிச்சல் வரும்.

சாந்து பூசும் உரிமையையும் அவர் விடவில்லை. வெக்ஸ்போர்ட்டில் பதினோராம் மாடியில் வாடகைக்கு இருந்தார். அந்தக் கட்டடத்தில் எல்லாக் கதவும் மண்ணிறம். அவர் தன் கதவுக்கு மட்டும் வெள்ளை அடித்தார். கட்டடத்தைப் பார்க்கிறவர் வந்து மண்ணிறம் அடித்தார். இவர் வெள்ளை அடித்தார். இப்படி நாலு வருடம். கடைசியில் பெயின்ற் தடித்து, கதவு நிலைக்குள் சாத்துப்படாமல் நின்றுவிட்டது.

பிறகு சங்கு. பூசைச் சாமான் கடையில் இரண்டு வாங்கினார். ஒரு வேலை முடிந்தால் ஒன்றை எடுத்து ஊதுவார். மற்றதை என்னிடம் நீட்டுவார்.

"ஊதும் ஐசே. ரெட்டைச் சங்கெண்டு எழுதியிருக்கு."

"அண்ணை, நான் வேதக்காரன், மாதா கோயில் ஆள். கோயில் சங்கை எப்பிடி ஊதுறது?"

"சங்குக்கு ஏது சமயம்? அது கடலிலையிருந்து வந்தது. உம்மட ஊர்த் தீவுப்பக்கத்துக் கடலாயுமிருக்கும்."

நான் வாங்கவில்லை. சமயம் ஒரு சாட்டுத்தான். உண்மையில் வெட்கம். ஒருமுறை அவர் ஊதிய ஊதலில் பக்கத்து வீட்டுப் பெண், புகை மணி அடிக்கிறதென்று கைக்குழந்தையோடு பனிக்குள் ஓடி வந்துவிட்டாள். நான் எங்கள் வான் வண்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இனி, கோபமான பகுதி. வோபர்னில் ஒரு வீட்டில் நாலு நாள் வேலை செய்தோம். அந்த வீட்டுக் குசினிச் சுவரில் கொளுவிகளில் பத்துப் பன்னிரண்டு கப் தொங்கின. எங்களுக்குத் தேத்தண்ணி வந்தது கடதாசிக் கப்பில். குடித்த பிறகு அந்தப் பெண், இரண்டு விரலால் அதைத் தூக்கிக் கறுப்புப் பைக்குள் போட்டார். முதல்நாள் நான் அதைக் கவனிக்கவில்லை. சாசனத்தார் கவனித்தார்.

"ஊரிலை சிரட்டையிலை ஊத்தினவை. இஞ்ச கடதாசிக் கப். பிளேனிலை வரேக்கை எல்லாத்தையும் மறந்திட்டு வந்ததுகள், உந்தப் பழக்கத்தை மட்டும் கைப்பைக்குள்ளை வைச்சுக் கொண்டந்திருக்குதுகள்."

அந்த வீட்டில் ரொய்லெற்றுக்குப் போவதற்கும் எங்களைச் சந்தியிலிருந்த கோப்பிக்கடைக்கு அனுப்பினார்கள். நாங்கள் அங்கே செய்துகொண்டிருந்த வேலை என்ன தெரியுமா? ரொய்லெற்றுக்கு ரைல் போடுவது. நான் கோப்பிக்கடைக்கு நடந்தேன். நாலு நாளும் நடந்தேன். அதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

இதற்கெல்லாம் கணக்குத் தீர்த்தது மில்லிக்கனில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவர் சங்கத் தலைவர். படிச்சுவர் நெடுகப் பொன்னாடை போர்த்திய படங்கள். மகளின் கலியாணத்துக்கு லண்டனிலிருந்து ஆட்கள் சனிக்கிழமை வந்து இறங்குகிறார்கள். வீட்டில் மூன்று குளியலறை. ஒவ்வொன்றாகச் செய்வோம் என்று சாசனத்தார் சொன்னார்.

"எல்லாத்தையும் ஒரேயடியா உடையும்," என்றார் தலைவர். "எனக்கு மூண்டும் புதுசா இருக்கவேணும்."

உடைத்தோம். கழற்றிய மூன்று மலசலக் கொமட்டும் கராஜில் வரிசையாக, பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரமுகர்கள் போல இருந்தன.

சப்பாத்துப் பிரச்சினை முதல்நாளே வந்தது. மூடி திறந்தது, சாசனம் வாசிக்கப்பட்டது. அவசரத்தில் தலைவர் விட்டுவிட்டார். ஆனால் மனதில் வைத்திருந்தார். புதன்கிழமை சாசனத்தார் சாந்து வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து என்னிடம் வந்தார்.

"தம்பி, உமக்கும் ராசா எழுதித் தந்தவனோ? கழட்டும்."

எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. கழற்றினேன். வாசலில் இருந்த தட்டில், அவர்களுடைய சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், அழகாக அடுக்கியும் வைத்தேன். பிறகு ஒரு பெட்டி ரைலைத் தூக்கிக்கொண்டு, பளபளவென்று மினுக்கிய மரப்படியில் காலுறையோடு ஏறினேன். ஏழாவது படியில் வழுக்கியது. பெட்டியின் மூலை என் வலது காலில் இறங்கியது.

தலைவர் ஓடி வந்தார். ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ரைல் உடைஞ்சிட்டுதோ?"

அவர் மனைவி படியடிக் கார்ப்பற்றில் சொட்டியிருந்த இரத்தத்தைப் பார்த்தார். "ஐயோ, சனிக்கிழமை ஆக்கள் வாற நேரத்திலை கார்ப்பற்!"

நான் சொன்னது என்ன தெரியுமா? "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி." அந்த அன்ரிக்கு என்னைவிட நாலு வயது குறைவு. தலைவரை நான் எப்போதாவது மன்னித்தாலும் மன்னிப்பேன். அந்த மன்னிப்புக் கேட்ட என்னை மன்னிக்கமாட்டேன்.

சாசனத்தார் திரும்பி வந்தபோது காலுக்கு ரீசேர்ட்டைச் சுற்றிக்கொண்டு படியில் இருந்தேன். அவர் என் காலைப் பார்த்தார். தட்டில் அடுக்கியிருந்த என் சப்பாத்தைப் பார்த்தார்.

"ஆர் கழட்டச் சொன்னது?"

"நான்தான் சொன்னனான்," என்றார் தலைவர். "வீட்டு ஒழுங்கெண்டு ஒண்டு இருக்கெல்லோ?"

பதினொரு வருடத்தில் அந்த ஒரு தடவைதான் சாசனத்தார் பேசாமல் இருந்தார். கருவிகளைப் பெட்டிக்குள் போட்டார். என் சப்பாத்தை எடுத்துத் தன் கக்கத்தில் வைத்தார். என் கையைத் தன் தோளில் போட்டார்.

"எங்கை போறீர்? சனிக்கிழமை ஆக்கள் வருகினம்!"

"வரட்டும்."

எக்ஸ்ரேயில் இரண்டு விரல் எலும்பு முறிந்திருந்தது. கிளினிக்கில் நான் உள்ளே போய் வெளியே வந்தபோது அவர் கதிரையில் இருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கடிதமாக்கும் என்று நினைத்தேன். பிறகு போனை எடுத்து ஒவ்வொரு ரைல்ஸ்காரராகக் கூப்பிட்டார். பிளாசாவில் அவரைப் பார்த்துச் சிரிக்கும் அதே ஆட்கள். "மில்லிக்கனிலையிருந்து ஒருத்தர் கூப்பிடுவார். போகாதேங்கோ. பெடியன்ரை கால் போச்சு" என்று மட்டும் சொன்னார். ஐம்பத்தொரு வயதுப் பெடியன், நான்.

வியாழக்கிழமை தலைவர் ஸ்காபரோ முழுக்கக் கூப்பிட்டார். ஒருத்தரும் போகவில்லை. ஒருவர் தனக்கு நாரிப்பிடிப்பு, குனிய ஏலாது என்றார். ஒருவர் தான் விரதம் என்றார். ரைல் போடுவதற்கும் விரதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தலைவர் கேட்க, "சாசனத்திலை இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாராம்.

அந்த வீட்டின் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு ஒரு இளம் குடும்பம் இருந்தது. அவர்களுக்கென்று ஒரு சின்ன ரொய்லெற். வியாழன் காலையிலிருந்து தலைவர் குடும்பம் அதற்கு வரிசையில் நின்றது. முதல் தடவை தலைவர் தோட்டத்துச் செருப்போடு அவசரமாக இறங்கிப் போக, அந்தக் குடும்பத்துப் பெண் கதவைப் பாதி திறந்து சொன்னாளாம்:

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ. உந்தச் செருப்பை வாசலிலை கழட்டிப்போட்டு வாங்கோ."

வெள்ளி காலை தலைவர் எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் போனோம். நான் ஒரு காலில் கட்டோடு, பொல்லு ஊன்றி. சாசனத்தார் உள் சப்பாத்தோடு. உள்ளே போகவில்லை. வாசலில் நின்று, கிளினிக்கில் எழுதிய கடதாசியை விரித்தார்.

"எவ்வளவு வேணும்?" என்றார் தலைவர்.

"காசு கேக்கேல்லை. உரிமை கேக்கிறன்."

வாசித்தார். இந்த வீட்டில் வேலை செய்யும் தொழிலாளர் காலுக்குச் சப்பாத்துப் போடலாம். இந்த வீட்டு ரொய்லெற்றுக்குப் போகலாம். இந்த வீட்டார் குடிக்கும் கப்பிலேயே தேத்தண்ணி குடிக்கலாம். வேலை முடிந்தால் இரட்டைச் சங்கு ஊதலாம்.

தலைவரின் முகம் கறுத்தது. சாதி அறிய எங்கள் ஆட்கள் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீர் ஊரிலை எவடம்? கோயிலுக்கு அங்கால் பக்கமோ? உங்கட ஆக்கள் ஆர்?"

"நாங்கள் ரைல்ஸ் போடுற ஆக்கள்," என்றார் சாசனத்தார். "உங்கட வீட்டிலை கொமட் கராஜுக்குள்ளை நிக்கிற ஆக்கள் நீங்கள். காணுமோ, இன்னும் விபரம் வேணுமோ?"

"சங்கு மட்டும் ஏலாது. அயலிலை எல்லாம் சீன ஆக்கள். என்ன நினைப்பினம்?"

உள்ளேயிருந்து கலியாணப் பெண் கத்தினாள். "அப்பா, ப்ளீஸ், ஜஸ்ட் சைன் இற்! ஐ நீட் எ பாத்றூம்!"

தலைவர் கையெழுத்து வைத்தார். சாசனத்தார் கடதாசியைத் திரும்ப நீட்டினார்.

"முத்திரை?"

"என்ன முத்திரை?"

"முத்திரை இல்லாத சாசனம் செல்லாது. உங்கட சங்க முத்திரை மேசை லாச்சிக்குள்ளைதானே இருக்கும்?"

இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சின்னம், விளக்கும் புத்தகமுமாக, ஊதா மையில் அதன்மேல் விழுந்தது.

அப்போதுதான் கடைசி வரியை அவர் வாசித்தார். "இந்த உரிமைகளை முதலில் பெறுகிறவர் சூசைப்பிள்ளை அருளானந்தம். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்."

அது என் பெயர். அதுவரை அவர் என்னை "ஐசே" என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. என் தகப்பன் பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிளினிக் கடதாசியில் பார்த்திருப்பார்.

விரதம் இருந்தவரும் நாரிப்பிடிப்புக்காரரும் உதவிக்கு வந்தார்கள். சனி மத்தியானத்துக்குள் மூன்று கொமட்டும் தங்கள் ஆசனங்களுக்குத் திரும்பின. எனக்குத் தேத்தண்ணி வந்தது, "உலகத்தின் மிகச் சிறந்த அப்பா" என்று எழுதிய தலைவரின் சொந்தக் கப்பில். "குடியும்... குடியுங்கோ, அருளானந்தம்," என்றார் தலைவர், பல் வலிக்கிறவர் போல. சீனி போதாது. கேட்டு வாங்கிப் போட்டுக் குடித்தேன்.

முடித்ததும் சாசனத்தார் சங்கை எடுத்தார். மற்றதை என்னிடம் நீட்டினார். வாசலில் லண்டன் ஆட்கள் பெட்டிகளோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பொல்லைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். அவர் தனியே ஊதினார்.

வான் வண்டியில் ஏறும்போது சொன்னார். "தலைவர் ஒரு வரியும் மீறேல்லை ஐசே. சங்கு வரியை முறிச்சது நீர்தான்."

அதன்பிறகு இரண்டு வருடத்தில் அவருடைய முழங்கால் இரண்டும் போய்விட்டன. முப்பது வருடம் முழங்காலில் நின்ற தொழில். இப்போது அந்தச் சாத்துப்படாத கதவுக்குப் பின்னால், பதினோராம் மாடியில், கதிரையில் இருக்கிறார். கருவிப் பெட்டியை என்னிடம் தந்தார். மூடிக்குள் ராசாவின் சாசனம். அதன்கீழே ஊதா முத்திரையோடு மில்லிக்கன் சாசனம்.

சென்ற மாதம் வோபர்னில் வேறொரு வீட்டு வேலை. முதல்முறையாகத் தனியே போனேன். கதவைத் திறந்த பெண் என் காலைப் பார்த்தார். பெட்டியை வாசலில் வைத்து, மூடியைத் திறந்து, அவருடைய பக்கம் திருப்பி வைத்துவிட்டு நின்றேன். அவர் குனிந்து, மேலிருந்து கீழே, முத்திரை வரை வாசித்தார். வாசிக்கட்டும் என்று நின்றேன். கழற்றுவதில்லை என்றுதான் நின்றேன்.

"உள்ளுக்கு வாங்கோ, அருளானந்தம் அண்ணை," என்றார்.

மூன்று நாளில் முடிந்தது. குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, சாசனத்தாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் புது ரைலின் மேல் வைத்தேன். பெட்டிக்குள் இருந்த சங்கை எடுத்து ஊதினேன். முதலில் காற்றுத்தான் வந்தது. இரண்டாவது தடவை ஏதோ ஒரு சத்தம் வந்தது.

போனில் அவர் குரல் வந்தது: "ஐசே, அது சங்கோ, மாடோ?"

"சங்குதான் அண்ணை. மற்றது உங்களிட்டையெல்லோ இருக்கு."

அவர் ஊதினார். நானும் ஊதினேன். அங்கே யாரோ சுவரில் இடித்தார்கள். இங்கே அந்தப் பெண் கதவைத் தட்டினார். ஒரு சங்கு வோபர்னில், மற்றது வெக்ஸ்போர்ட்டில். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ராசா ஒரு இடத்திலும் எழுதவில்லை.

நான் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவருக்கு மூச்சு வாங்கி அடங்கும்வரை, எடுத்துக் காதோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.